சூளை தணியும் நேரத்தைக் குறித்து வையுங்கள்

சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கைத் தோண்டிப் பிரித்தபோது கிடைத்த எரியும் கழிவு, சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போனது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே அதற்கு வழி செய்திருந்தன. அரியலூர் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தூசியைப் பற்றித்தான் புகார் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். குப்பை எரியும் சூளையிலிருந்து தூசி மட்டும் வருவதில்லை.

சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிகள் சூளையில் உருவாவது சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில். அந்தச் சூட்டில் பல நச்சுச் சேர்மங்கள் சிதைந்துவிடும் என்று ஆலைகள் சொல்வது உண்மைதான். பாதரசம் சிதையாது; ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும். பி.வி.சி. போன்ற குளோரின் உள்ள பிளாஸ்டிக் கலந்திருந்தால், புகை 450 டிகிரியிலிருந்து 200 வரை மெல்ல ஆறும்போது டயாக்சின் என்ற நச்சு மறுபடி உருவாகக்கூடும். சூளையைப் பற்றவைக்கும்போதும் நிறுத்தும்போதும் வெப்பம் நிலையாக இருக்காது. அப்போது கழிவைப் போடவே கூடாது.

2016 மே மாதம் மத்திய அரசு இந்த ஆலைகளுக்கு வரம்பு விதித்தது. ஒரு கன மீட்டர் புகையில் பாதரசம் 0.05 மில்லிகிராமையும், டயாக்சினும் அதையொத்த ஃபியூரானும் சேர்ந்து 0.1 நானோகிராமையும் தாண்டக் கூடாது. தூசியைப் புகைபோக்கியில் பொருத்திய கருவி இரவும் பகலும் அளக்கிறது. டயாக்சினை அப்படி அளப்பதில்லை. 6 முதல் 8 மணி நேரம் மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரி எடுக்கும் நாளில் சூளை சீராக ஓடினால் அறிக்கையும் சீராகவே இருக்கும்.

மற்ற நாட்களுக்கு நீங்கள்தான் சாட்சி. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் 2004-இல், நாற்றம் வந்த நேரத்தைக் குறித்து, வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அந்த வாளி டயாக்சினைக் காட்டாது. குறிப்பெழுதும் பழக்கம் உங்களுக்கும் கைகொடுக்கும்: தேதி, நேரம், காற்றடித்த திசை, புகையின் நிறம், பிளாஸ்டிக் கருகும் வாடை, கைபேசியில் ஒரு படம்.

ஒரு மாதக் குறிப்பு சேர்ந்ததும், 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘மாசு விவரம் தருக’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். நீங்கள் குறித்த அதே தேதிகளின் கருவிப் பதிவு, அன்று போட்ட கழிவின் வகையும் எடையும், சூளை நின்ற நேரங்கள், கடைசி டயாக்சின் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

வாரியம் அசையாவிட்டால், சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. மற்ற வழக்குகளுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்தான். மனுக் கொடுத்துவிட்டு அதிகாரியின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களும் அந்த 6 மாதத்தில்தான் கழிகின்றன.