பழஞ்சொல் அணியும் குழுக்கள்: 'தௌ' என்னும் சொல்லின் வரலாறு

வழக்கொழிந்த சொற்களையும் அலங்கார நடையையும் வேண்டுமென்றே மேற்கொள்ளும் சிறு குழுக்கள் பல காலங்களிலும் தோன்றியுள்ளன. 1966ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரில், நண்பர் சிலர் இடைக்கால ஐரோப்பிய உடையணிந்து ஒரு வீட்டின் கொல்லையில் விருந்து நடத்தினர். அதிலிருந்து எழுந்த சங்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அதன் உறுப்பினர் ஒருவரையொருவர் பிரபு என்றும் சீமாட்டி என்றும் விளிப்பர். ஷேக்ஸ்பியர் காலத்துச் சொற்களைத் தம் பேச்சில் தூவுவர். கணினி வலையில் கூடும் இளைஞர் குழுக்கள் சிலவும் இன்று இந்நடையில் உரையாடுகின்றன. இதனை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், பழைய சொற்களாலேயே பெரும்பாலும் வழிபாடு நடத்தும் திருச்சபையின் ஊழியர், இது ஏன் நிகழ்கிறது என்று வினவாமல் இருத்தல் தகாது.

இவ்வினாவிற்கு விடை காண ஒரே ஒரு சொல்லின் வரலாற்றைப் பின்தொடர்வது போதும். 'தௌ' என்பது ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைச் சொல். நம் 'நீ' போன்றது. பன்மைக்குரிய 'யூ' என்பதை மரியாதை கருதி ஒருவருக்கே வழங்கும் பழக்கம் இடைக்காலத்தில் நிலைபெற்றபின், 'தௌ' என்பது நெருங்கியோருக்கும் தாழ்ந்தோருக்கும் உரியதாயிற்று. 1603இல் இராஜதுரோகக் குற்றச்சாட்டின்பேரில் சர் வால்ட்டர் ராலே விசாரிக்கப்பட்டபோது, அரசு வழக்குரைஞர் எட்வர்டு கோக் அவரை 'தௌ' என்று அழைத்தே அவமதித்தார். ஒரு பிரதிப்பெயர் கன்னத்தில் அறைவதற்குச் சமமாய் இருந்த காலம் அது.

அக்காலத்து நினைவு மறையுமுன்னரே ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) எழும்பினார். அவரும் அவரைப் பின்பற்றிய குவேக்கர்களும், எளியவன் செல்வன் என்னும் வேறுபாடின்றி, எல்லாரையும் 'தௌ' என்றே அழைக்கத் தலைப்பட்டனர். ஒருவனைப் பன்மையால் அழைப்பது பொய். உயர்ந்தோருக்கு மட்டும் அப்பொய்யைச் சொல்வது முகஸ்துதி. கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் – இதுவே அவர்கள் வாதம். 1660இல் ஃபாக்ஸ் வேறிருவருடன் சேர்ந்து, பல மொழிகளின் ஒருமை பன்மை வடிவங்களை எடுத்துக்காட்டி, இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். இலக்கண நூலொன்று விசுவாச அறிக்கையாக வெளிவந்தது திருச்சபை வரலாற்றில் அரிதே! நீதிபதிகளின்முன் தொப்பியைக் கழற்றாமல், அவர்களை 'தௌ' என்று அழைத்தவர்கள் அடியும் சிறையும் ஏற்றனர்.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஃபாக்ஸ் பழஞ்சொல்லைத் தேடி எடுக்கவில்லை. வீதியில் உயிரோடிருந்த சொல்லையே எடுத்து, மேலோரையும் அதனால் அழைத்தார். ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பிற ஆங்கிலேயர் பெரும்பாலும் 'தௌ' என்பதைக் கைவிட்டு, எல்லாருக்கும் 'யூ' என்றனர். சில வட்டார வழக்குகளில் மட்டுமே அது எஞ்சியது. குவேக்கர்களோ நின்ற இடத்திலேயே நின்றனர். சொல் மாறவில்லை, சுற்றியிருந்த உலகம் மாறியது. சமத்துவத்தின் அடையாளம் தனிமையின் அடையாளமாயிற்று. எல்லாரையும் ஒரே தரத்தில் நிறுத்திய சொல், 'இவர் நம்மவர், அவர் வேற்றார்' என்று பிரிக்கும் வேலியாக முடிந்தது. 1860ஆம் ஆண்டளவில் இலண்டனிலுள்ள அவர்களது ஆண்டுக் கூட்டம் இக்கட்டாயத்தைத் தளர்த்தியது.

பிரதிப்பெயர்கள் அதிகாரத்தையோ தோழமையையோ உணர்த்துவன என்று ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்னும் அறிஞர் இருவர் 1960இல் விளக்கினர். பழஞ்சொல் அணியும் குழுக்களில் இவ்விரண்டும் கலந்து நிற்கின்றன. அந்நடை கற்கவேண்டியது, கற்க உழைப்பு வேண்டும், உழைத்தவன் உள்ளே வந்தவனாகிறான். உலகில் எவரும் மதித்து அழைக்காத ஒருவனுக்கு 'பிரபுவே' என்னும் விளி சிறிது கனத்தைத் தருகிறது. இன்னுமொன்று: கூச்சமுள்ளவன் நேர்மொழியில் சொல்ல அஞ்சும் அன்பையும் வணக்கத்தையும் அலங்கார மொழியில் சொல்லிவிடலாம். யாரேனும் நகைத்தால், விளையாட்டாகச் சொன்னேன் என்று ஒதுங்கவும் இடமுண்டு. இத்தேவையை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

உடுத்த மொழியையும் வாழ்ந்த மொழியையும் பிரித்தறிய, பிழைகளே நல்ல சான்று. இன்றைய விளையாட்டுக் குழுவினர் படர்க்கைக்குரிய பழைய 'எத்' விகுதியைத் தன்மையோடும் ஒட்டிவிடுவர்; ஒலி பழமையாயிருந்தால் போதுமென்பது அவர்கள் கருத்து. பிற்காலக் குவேக்கர்களும் இலக்கணம் மீறினர். 'தௌ' என்னும் எழுவாய்க்குப் பதிலாக, செயப்படுபொருளுக்குரிய 'தீ' என்னும் வடிவத்தையே எழுவாயாக வழங்கினர். ஆனால் இது அறியாமையன்று. நாள்தோறும் அடுக்களையில் புழங்கிய சொல் இயல்பாகத் தேய்ந்ததன் விளைவே.

வேதாகமத்திற்கு வருவோம். டின்டேல் 1526இலும், ஜேம்ஸ் அரசர் காலத்து மொழிபெயர்ப்பாளர் 1611இலும் 'தௌ' என்று எழுதியது பயபக்தியினால் அன்று. மூலமொழிகளின் ஒருமையைக் காட்டவே அவ்வாறு எழுதினர். அங்கே கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ'. ஆயினும் பேச்சில் அச்சொல் மறைந்தபின், அது கடவுளுக்கென்றே ஒதுக்கப்பட்ட திருச்சொல்போல் செவிகளில் ஒலிக்கலாயிற்று. 1952இல் முழுமையாக வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு, கடவுளை விளிக்குமிடங்களில் மட்டும் அதனை வைத்துக்கொண்டு, பூமியில் நடமாடிய இயேசுவை 'யூ' என்றது. அவருடைய தெய்வத்துவத்தை மறுப்பதற்கே இச்சூழ்ச்சி என்று சிலர் எதிர்த்தனர். தாழ்ந்தோரை அழைத்த சொல் தெய்வத்துவத்தின் உரைகல்லாகிவிட்டது! 1989இன் புதிய திருத்தம் அதனை முற்றிலும் நீக்கியது.

நம் ஜெபங்களில் வரும் 'நீர்' என்னும் சொல்லும் இவ்வாறே ஆராயத்தக்கது. அது 'நீ' என்பதைவிட உயர்ந்தது. 'நீங்கள்' என்பதைவிடத் தாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் கணவன் மனைவியையும், நண்பன் நண்பனையும், ஆசிரியர் மாணவனையும் இன்றும் 'நீர்' என்று அழைப்பதுண்டு. திருநெல்வேலிப் பேச்சிலும் 'நீரு' உயிரோடிருக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்த சிறுவனோ அதனைப் பெரும்பாலும் ஆலயத்தில்தான் கேட்கிறான். ஒரே ஜெபத்தைக் கேட்டு, யாழ்ப்பாணத்தான் தன் வீட்டுப் பேச்சை உணர்வான். சென்னைச் சிறுவன் ஆலயத்திற்கென்று தனியே ஒரு தமிழ் உண்டென்று எண்ணுவான். ஒரு சபையிலிருந்து மற்றொரு சபைக்கு மாற்றப்படும் போதகர், அங்குள்ளோர் எந்தச் செவியால் கேட்கின்றனர் என்பதை முதல் மாதத்திலேயே விசாரித்தறியலாம். ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகளைத் தம் சொந்தச் சொற்களில் ஜெபிக்கச் சொன்னால், அவர்கள் கடவுளை 'நீர்' என்கிறார்களா, 'நீங்கள்' என்கிறார்களா, 'நீ' என்கிறார்களா என்பது உடனே தெரிந்துவிடும்.