தேவை — மீசை வைத்த தாய்மார்!

கெடிலக் கரையிலே இருக்கிறது திருவதிகை. பக்கத்திலே பண்ணுருட்டி, பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன ஊர். எட்டிப் போனால் நெய்வேலி, கரியைத் தோண்டி ஒளியைத் தருகிற ஊர். காலை வேளையிலே திருவதிகைத் தெரு ஒன்றில் நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் புறப்படும் ஆண்கள் ஒரு பக்கம். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பால்வாடிக்கு விரையும் பெண்கள் மறு பக்கம். பலகையிலே 'அங்கன்வாடி' என்றுதான் எழுதியிருக்கிறது. ஊர் வாயிலே அது இன்னும் பால்வாடிதான்.

அன்றைக்கு ஒரு புதுமை கண்டேன். தாய்க்குப் பதிலாகத் தகப்பன் வந்தான், இருபத்தைந்து, இருபத்தாறு வயது வாலிபன். வாசற்படியிலே குழந்தை அலறியது. அவன் திரும்பிப் போய்விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையிலே உட்கார்ந்தான். முதுகை வளைத்தான், யானையானான். அழுத பிள்ளை சிரித்தது. அடுத்த பிள்ளை ஏறியது. ஐந்து நிமிடத்திலே அத்தனை பிள்ளைகளும் அவனைச் சுற்றி!

"நீங்களே தினம் வந்துடுங்க தம்பி!" என்றார் டீச்சரம்மா, சிரித்துக்கொண்டே.

"வேலை போட்டுக் கொடுங்க அக்கா, வந்துடறேன். ஆசிரியர் பயிற்சி முடிச்சவன்தான் நான்."

"ஆம்பளைக்கு இந்த வேலை கிடையாதே தம்பி!"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த அம்மையார் சொன்னது உண்மை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், இந்தியா முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள். தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கும் மேல். அத்தனையிலும் பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. 2025இல் தமிழ்நாட்டிலே 7,000க்கும் மேற்பட்ட இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தபோதும் அழைப்பு பெண்களுக்குத்தான். ஆண் எத்தனை படித்திருந்தாலும், எத்தனை பிள்ளைகளைச் சிரிக்கவைத்தாலும், விண்ணப்பத் தாளைத் தொடவும் முடியாது!

இந்த இடத்தில் நெய்வேலியைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. அதற்கு முன்பே, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்ணுக்கு ஒரு கோடு கிழித்துவிட்டது: பூமிக்கு அடியிலே இறங்காதே, திறந்தவெளிச் சுரங்கமானாலும் இரவிலே வேலை செய்யாதே! மண்ணைத் தோண்டும் மாபெரும் இயந்திரம் மட்டும் இரவு பகலாகச் சுழலலாம். பெண் அதன் பக்கத்திலே இரவில் நிற்கலாகாது. காரணம் கேட்டால், 'அது பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாது' என்றார்கள்.

2019இல் அந்தக் கோடு அழிக்கப்பட்டது. பெண்ணின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், தனியாக அனுப்பாமல் குழுவாக அனுப்ப வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்ற நிபந்தனைகளோடு திறந்தவெளிச் சுரங்கத்திலே இரவுப் பணிக்கும் பெண் வரலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. வானம் இடிந்து விழவில்லை. சுரங்கத்தின் கதவு பெண்ணுக்குத் திறந்துவிட்டது. பால்வாடியின் கதவு ஆணுக்கு இன்னும் திறக்கவில்லை!

"ஆணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?" என்று கேட்பார்கள்.

திருவதிகைக்காரர்களுக்குத் திலகவதியார் கதை தெரியும். பெற்றோரை இழந்த தம்பியை வளர்த்து ஆளாக்கிய தமக்கை அவர். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர் என்கிறது பெரியபுராணம். வளர்ப்பவள் பெண் என்று நம் மனத்திலே பதிந்த சித்திரங்களுள் அதுவும் ஒன்று. ஆனால் அதே தமிழிலே பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகை இருக்கிறதே! தாலாட்டியவர் யார்? சப்பாணி கொட்டச் சொன்னவர் யார்? நிலவைக் கூப்பிட்டவர் யார்? ஒட்டக்கூத்தரும் குமரகுருபரரும்! ஏட்டிலே தாயாக மாறிக் கொஞ்சத் தெரிந்த ஆணுக்கு, வீட்டிலே மூக்கைத் துடைத்துவிடத் தெரியாதா?

திண்ணைப் பள்ளியிலே, பச்சைப் பிள்ளையின் விரலைப் பிடித்து மணலிலே 'அ' எழுதவைத்தவர் ஆண் வாத்தியார்தானே? ஆனால், அவருடைய மற்றொரு கையிலே பிரம்பு இருந்தது. கற்பிப்பது ஆணின் கடமை, அடிப்பது அவன் உரிமை, அணைப்பது மட்டும் பெண்ணின் வேலை என்று பங்கு பிரித்தார்கள் பெரியவர்கள். கேட்டுப் போனது பிள்ளைதான்.

ஜெர்மனியிலே பிராபல் என்றோர் ஆடவர். 1837இல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுக் கூடம் தொடங்கினார். அதற்கு அவர் பிறகு சூட்டிய பெயர்தான் 'கிண்டர்கார்டன்', குழந்தைகளின் தோட்டம். குஜராத்திலே கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர். கோர்ட்டும் கட்சிக்காரரும் போதும் என்று உதறிவிட்டு, 1920இல் பாவநகரிலே பாலர் மந்திரம் தொடங்கினார். அடியில்லை, அதட்டலில்லை, கதை உண்டு, பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு. மக்கள் அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மீசை வைத்த தாய்'! பட்டம் என்றால் அதுவல்லவா பட்டம்!

தோழர்களிலேயே சிலர் குறுக்கிடுவார்கள்: "ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையிலே பெண்களை நிறைய நியமிக்க வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே தீர்மானம் போட்டவர்கள் அல்லவா நாம்? பெண்ணுக்குக் கிடைத்த ஒரு வேலையையும் ஆணிடம் பறித்துக் கொடுக்கப் போகிறாயா?"

நியாயமான கேள்வி. ஒதுங்கிப் போகாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1929இல் அந்தத் தீர்மானம் எதற்கு வந்தது? அடுப்பங்கரையிலே அடைபட்டவளுக்கு உத்தியோகம் வேண்டும், ஊதியம் வேண்டும், கௌரவம் வேண்டும் என்பதற்காக. இன்று அங்கன்வாடியிலே பெண்ணுக்குக் கிடைத்திருப்பது என்ன? 2018இல் மத்திய அரசு தன் கணக்கை உயர்த்தியபோதுகூடப் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய்! மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. சேர்த்தாலும் அது நிரந்தர ஆசிரியர் சம்பளத்துக்கு அருகிலே வராது. அதற்கு மத்திய அரசு வைத்த பெயர் சம்பளமல்ல, 'மதிப்பூதியம்'. மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. பெயர் மட்டும் மதிப்பூதியம்!

இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில்தான் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே மன்றம் தீர்ப்பளித்தது. பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972இல். அது இந்தத் தாய்மார் வாசலுக்கு வந்து சேர ஐம்பது ஆண்டு!

ஏன் இந்த அவலம்? 'பிள்ளை வளர்ப்பது பெண்ணின் பிறவிக் குணம். குணத்துக்குக் கூலி எதற்கு?' என்ற எண்ணம்தான் அடியிலே கிடக்கிறது. தமிழ்நாட்டிலே 2019இல் நடுநிலைப் பள்ளிகளை ஒட்டிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது, அதைப் பதவிக் குறைப்பாகக் கருதி நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூளையின் பெரும்பகுதி வளர்ந்துவிடும் வயதிலே பிள்ளைக்குக் கற்பிப்பதை ஒரு படி இறங்குவதாக எண்ணும்படி செய்தது எது? அந்த வேலைக்கு நாம் போட்ட விலை!

ஆகவே ஆண்களை அழைப்பது பெண்ணின் வேலையைப் பறிக்க அல்ல. 'இது பிறவிக் குணம்' என்ற பொய்யை உடைக்க. ஆணும் கற்றுக்கொண்டு செய்கிற வேலை என்றால் அது தொழில். தொழில் என்றால் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, பதவி உயர்வு உண்டு. அந்தக் கணக்கைப் பெண்தான் முதலில் வாங்க வேண்டும்.

இன்னொரு பயமும் உண்டு. தாய்மார் வாய்விட்டுச் சொல்லாத பயம். "சின்னஞ்சிறுசுகளை அந்நிய ஆணிடம் எப்படி விடுவது?" ஏளனம் செய்ய வேண்டாம், நாள்தோறும் ஏடுகளிலே படிக்கும் செய்திகள் தருகிற பயம் அது. குழந்தைகளைக் காக்க 2012இல் போக்சோ சட்டம் வந்ததே அதனால்தான். அதற்கு மருந்து, கண்காணிப்பு. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனித்திருக்கலாகாது. எப்போதும் இருவர், திறந்த கதவு, வேலைக்கு எடுக்குமுன் முழு விசாரணை, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கும் உரிமை. இந்த விதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கட்டும். சுரங்கத்திலே பெண்ணுக்குக் காவல் ஏற்பாடு செய்யத் தெரிந்த அரசுக்கு, பால்வாடியிலே பிள்ளைக்குக் காவல் ஏற்பாடு செய்யத் தெரியாதா?

ஒரே நாளில் பாதிக்குப் பாதி வந்துவிடும் என்று நான் கனவு காணவில்லை. நார்வே நாடு நூற்றுக்கு இருபது ஆண்கள் என்று இலக்கு வைத்து, ஆண்டுக்கணக்கில் முயன்று, ஏறத்தாழ அதில் பாதியைத்தான் எட்டியது. உலகிலே பெரும்பாலான நாடுகளில் அந்த அளவும் இல்லை. கடினமான காரியம்தான், ஆனால் அங்கே கதவாவது திறந்திருக்கிறது.

நாம் கேட்பது இவ்வளவே. இருக்கிற பெண்களில் ஒருவரையும் அசைக்காதீர்கள். முதலில் அவர்களுக்கு முறையான சம்பளம் கொடுங்கள். பிறகு, மழலையர் வகுப்புகளுக்காகப் புதிதாக உண்டாக்கும் இடங்களை இருபாலாருக்கும் திறந்துவிடுங்கள். ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலே இளம் பிள்ளைக் கல்வியை ஆண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். பாட்டும் கதையும் மட்டுமல்ல. சோறூட்டவும், கழுவிவிடவும், தூங்கவைக்கவும்!

அந்த மையத்திலே வளரும் சிறுவன் ஓர் ஆணைப் பார்ப்பான், அதட்டாத ஆண், அடிக்காத ஆண், எச்சில் தட்டைக் கழுவும் ஆண். சிறுமியும் பார்ப்பாள். இருபது ஆண்டு கழித்து அவர்கள் கட்டும் குடும்பத்திலே அது தெரியும். மேடையிலே நாம் ஆயிரம் முறை பேசிய சமத்துவம், அங்கே பேச்சில்லாமலே பாடமாகும்.

சில நாள் கழித்து அந்த வாலிபனை மறுபடி பார்த்தேன். சாப்பாட்டுப் பையோடு ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். "என்ன தம்பி, யானை வேலை என்னாச்சு?" என்றேன்.

"பிள்ளைங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கு அண்ணே" என்றான்.

பிள்ளைகள் கேட்கிறார்கள். நாடாள்வோர் காதிலே அது விழ வேண்டும்!