மாமாக் கடையில் ஒரு வாள் வழக்கு

அம்பாங்கில் எங்கள் வீட்டருகே உள்ள மாமாக் கடையில் இரவு பத்து மணிக்கு மேல்தான் உண்மையான அறிவியல் மாநாடு கூடும். என் அக்கா மகனும் அவனுடைய கூட்டாளிகள் இருவரும் போன வாரம் ஒரு வழக்கில் இறங்கியிருந்தார்கள். கூட்டாளிகளில் ஒருவன் மலாய்க்காரப் பையன், இன்னொருவன் சீனப் பையன். ரொட்டி சானாய் ஆறி அப்பளமாகிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

வழக்கு இதுதான். ஸ்டார் வார்ஸ் படத்து ஒளிவாளான லைட்சேபர் எதையும் வெட்டும். மார்வெல் கதைகளில் வரும் வுல்வரினின் நகங்களில் இருக்கும் அடமாண்டியம் என்ற உலோகத்தை எதுவும் வெட்டாது. இரண்டும் மோதினால்?

“மாமா, நீங்கதான் சொல்லணும்” என்றான் அக்கா மகன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சீனப் பையன் சிரித்தான். இதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லே இருக்கிறதாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் ஃபெய் என்ற அறிஞரின் நூலில் ஒரு கதை வருகிறது. சந்தையில் ஒருவன் ஈட்டியும் கேடயமும் விற்கிறான். ‘என் ஈட்டி துளைக்காத பொருளே இல்லை’ என்கிறான். ‘என் கேடயத்தைத் துளைக்கும் பொருளே இல்லை’ என்றும் சொல்கிறான். கூட்டத்தில் ஒருவர், ‘உன் ஈட்டியால் உன் கேடயத்தையே குத்தினால்?’ என்று கேட்க, வியாபாரிக்குப் பேச்சு எழவில்லை. சீன மொழியில் முரண்பாட்டுக்கு இன்றும் ‘ஈட்டி-கேடயம்’ என்றுதான் சொல். பையன்களின் சண்டைக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் ஆகிறது.

நம் புராணக்காரர்கள் இந்த வம்பில் மாட்டவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையோடே சொல்லிவைக்கிறேன். அவர்கள் யாருக்கும் நிபந்தனை இல்லாத வரம் கொடுத்ததில்லை. இரணியன் பகலில் சாகமாட்டான், இரவில் சாகமாட்டான், வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஆகவே அந்தி நேரம், வாசற்படி. துரியோதனன் உடம்பு தாய் காந்தாரியின் பார்வை பட்டு வைரம் பாய்ந்தது, தொடையைத் தவிர. கர்ணனின் கவசத்தை இந்திரன் வெட்டிப் பார்க்கவே இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டான். பொருளறிவியலாளர் ஒருவரிடம் ‘இது எதனாலும் அழியாதா?’ என்று கேட்டால் அவரும் இப்படித்தான் பதில் சொல்வார்: எந்த வெப்பத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் என்று முதலில் சொல்லுங்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பக்கத்து மேசையில் ஒரு தே தாரிக் கிளாஸ் கீழே விழுந்து சிதறியது. அதோடு சேர்ந்து விழுந்த எவர்சில்வர் குவளை ‘ணங்’ என்று உருண்டுபோய்க் கிடந்தது. விளிம்பில் ஒரு சிறு நெளிவு, அவ்வளவுதான். எனக்கு இதைவிட நல்ல பாடக்கருவி கிடைக்காது. சாதாரண இரும்பு ஆணியால் கண்ணாடியில் கோடு இழுக்க முடியாது. கீறல் கணக்கில் கண்ணாடி இரும்பை வெல்லும். ஆனால் தரையில் விழுந்தால் தோற்பது கண்ணாடி. கீறலைத் தடுப்பது கடினத்தன்மை; அடியை வாங்கிக்கொண்டு உடையாமல் இருப்பது தாங்குதிறன். ஒன்று கூடினால் பெரும்பாலும் மற்றது குறையும். ரசிகர்களின் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

அடமாண்டியம் என்ற பெயருக்கே வேர், ‘வெல்ல முடியாதது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் வைரத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். மார்வெல் காமிக்ஸில் 1969இல் இந்த உலோகம் வந்தது. வெல்ல முடியாததன் நிஜ உருவம் என்று வைரத்தைத்தான் காலம்காலமாக எண்ணினார்கள். அந்த வைரத்தை ஒரு சுத்தியலால் சரியான தளத்தில் தட்டினால் பிளந்துவிடும். 3,106 காரட் எடையுள்ள கலினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் அப்படித்தான் பிளந்தார்கள். நெருப்பிலும் அது தப்பாது. 1772இல் பாரிஸில் லவாசியே பெரிய கண்ணாடி வில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டினார். வைரம் கரியன்றி வேறில்லை என்பதை 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் உறுதிப்படுத்தினார்.

எனக்கு இன்றும் வியப்பு தருவது வேறொன்று. தொழிற்சாலையில் எஃகைக் கடைவதற்கு வைரமுனைக் கருவியைப் பயன்படுத்தமாட்டார்கள். எஃகை வேகமாகக் கடையும்போது முனை சூடேறும். அந்தச் சூட்டில் வைரத்தின் கரியணுக்கள் இரும்புக்குள் கரைந்து போய்விடும். உலகிலேயே கடினமான பொருளை, சாதாரண இரும்பு சத்தமில்லாமல் தின்றுவிடுகிறது. எஃகுக்கென்று பயன்படுவது கனசதுர போரான் நைட்ரைடு, 1957இல் அமெரிக்காவில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கியது. கடினத்தில் அது வைரத்துக்கு இரண்டாம் இடம்தான். ஆனாலும் இந்த வேலைக்கு அதுதான் ஆள்.

துரியோதனனுக்கும் ஒரு நிஜ இணை உண்டு. உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் தலையும் வாலுமாக, தவளைக் குஞ்சு வடிவில் உறையும். இளவரசர் ரூப்பர்ட்டின் துளி என்று பெயர். 1661இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இதை ராயல் சொசைட்டிக்குக் கொடுத்து ஆராயச் சொன்னார். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. மெல்லிய வாலை விரலால் ஒடித்தால் போதும், மொத்தமும் வெடித்துப் பொடியாகிவிடும். வெளிப்புறம் முதலில் உறைந்து, உட்புறம் பிறகு சுருங்கும்போது மேற்பரப்பு பெரும் அழுத்தத்தில் இறுகிக் கிடக்கிறது. அந்த இறுக்கம்தான் தலையைக் காக்கிறது. வால் வழியாக ஒரு விரிசல் உள்ளே புகுந்தால் வெடிக்கச் செய்வது, அந்த இறுக்கத்துக்கு ஈடாக உள்ளே தேங்கியிருக்கும் இழுவிசை. காந்தாரியின் பார்வை படாத இடம் அந்த வால்.

“சரி அங்கிள், லைட்சேபர் கீறாது, உருக்கும்” என்று மலாய்ப் பையன் விஷயத்துக்கு இழுத்தான். அவன் சொன்னது சரி. லைட்சேபரைப் பெரும்பாலும் பிளாஸ்மா என்கிறார்கள்: அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்துபோன சூடான வாயு. அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். கூரையைக் காட்டினேன். இந்தக் கடையில் இன்னும் பழைய குழல்விளக்குதான். அதற்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதிலுள்ள எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தொடும். ஆனாலும் குழலைக் கையால் பிடிக்கலாம். காரணம், உள்ளே வாயு மிகமிகக் குறைவு. வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. மத்தாப்புப் பொறி கையில் பட்டால் சுருக்கென்று போகும். கொதிக்கும் ரசம் கொட்டினால் ஆஸ்பத்திரி.

ஆகவே லைட்சேபர் எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு ஆற்றலை எவ்வளவு வேகத்தில் தருகிறது என்பதே கேள்வி. பில் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். 10 செண்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புக் கதவு. அதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 2 செண்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டு. உருக வேண்டிய இரும்பு ஏறக்குறைய 16 கிலோ. ஒரு கிலோ இரும்பை 1,538 டிகிரிக்கு ஏற்றி உருக்க சுமார் 13 லட்சம் ஜூல் வேண்டும். மொத்தம் இரண்டு கோடி ஜூலுக்குச் சற்று மேல். மின்சார பில்லில் இது ஆறு யூனிட்கூட வராது, படுக்கையறை ஏர்கோன் ஒரு ராத்திரி ஓடும் செலவு. ஆனால் படத்தில் இதை ஐந்து விநாடியில் செய்தாக வேண்டும். அப்படியானால் நான்கு மெகாவாட். இரண்டாயிரம் மின்சாரக் கெட்டில்கள் ஒரே நேரத்தில் கொதிப்பதற்குச் சமம், ஒரு டார்ச்லைட் கைப்பிடிக்குள்.

இன்னொரு சிக்கலைப் படம் எடுத்தவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. பட்டறைகளில் பிளாஸ்மாவால் இரும்புத் தகடு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். 20,000 டிகிரியை எட்டும் அந்தச் சுடர் இரும்பை உருக்குவதோடு நிற்பதில்லை. பீய்ச்சியடிக்கும் காற்று உருகியதை ஊதி வெளியே தள்ளுகிறது. தள்ளாவிட்டால் வெட்டு திரும்ப ஒட்டிக்கொள்ளும். லைட்சேபர் எதையும் ஊதுவதில்லை. தடித்த கதவில் அதை இழுத்தால் பின்னாலேயே குழம்பு இறுகிக்கொண்டு வரும்.

வெப்பத்தால் வெட்டுவதிலும் வலியவன் மெலியவன் கணக்கு தலைகீழாகும். ஆக்சிஜன் கேஸ் டார்ச் கனத்த இரும்பைச் சரசரவென்று வெட்டிவிடும், ஏனென்றால் அங்கே இரும்பே எரிகிறது. அதே டார்ச் மெல்லிய அலுமினியத்தில் திணறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகினாலும் அதன் மேல் படியும் ஆக்சைடு 2,072 டிகிரி வரை உருகாது. சோற்றுப் பானை உலோகம் டார்ச்சுக்கு முன் நெஞ்சை நிமிர்த்துகிறது. ஸ்டார் வார்ஸ் வரிசையில் வந்த மாண்டலோரியன் தொடரில் பெஸ்கார் என்ற உலோகக் கவசம் லைட்சேபரைத் தாங்குவதைக் கட்டுக்கதை என்று நான் ஒரேயடியாகத் தள்ளாததற்கு இதுதான் காரணம். வெப்பத்தைச் சட்டென்று உடம்பு முழுக்கப் பரப்பிவிடும் கவசம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். கொஞ்ச நேரம்தான், பிறகு கவசத்துக்குள் இருப்பவர் பொரியலாவார்.

மார்வெல் கதைகளில் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தில் இருக்கும் வைப்ரேனியத்துக்கு நீண்ட வாதம் தேவையில்லை. அடியின் ஆற்றலை உறிஞ்சுகிறது என்கிறார்கள். உறிஞ்சியது எங்காவது போயாக வேண்டும். 2018இல் வந்த பிளாக் பேந்தர் படம் இதை மதித்தது, சேர்ந்த ஆற்றலை உடை திருப்பி வீசும். 2019இல் எண்ட்கேம் படத்தில் தானோஸின் வாள் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைச் சிதைத்தது. அன்று தியேட்டரைவிட்டு வந்த என் அக்கா மகன் வீடு சேரும்வரை வாய் திறக்கவில்லை.

வாள் பெருமை பேசுவதென்றால் நம் பக்கம் ஒரு நிஜ வாள் உண்டு. அதற்கு வரும் முன் ஒரு கதை. 1825இல் வால்டர் ஸ்காட் எழுதிய ‘தி டாலிஸ்மன்’ நாவலில் ரிச்சர்டு மன்னன் கனத்த வாளை ஓங்கி எஃகுத் தண்டை இரண்டாக்குகிறான். சலாதீன் வளைந்த வாளால் பட்டுத் திண்டை அறுத்து, காற்றில் மிதக்கும் மெல்லிய துணியையும் இரண்டாக்குகிறான். யார் வாள் பெரியது? முன்னது தாங்குதிறனுக்குச் சோதனை, பின்னது கூர்மைக்கு. எதிர்த்து நிற்காத பட்டை அறுக்க, விசை முழுவதும் மயிரிழையிலும் மெல்லிய விளிம்பில் குவிய வேண்டும். கூரும் வேண்டும், ஒடியவும் கூடாது என்றால் அந்த எஃகு எளிதில் கிடைக்காது.

டமாஸ்கஸ் வாள்கள் என்று புகழ்பெற்றவற்றுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து போயின. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உலைகளின் எச்சங்களைப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தோண்டியெடுத்தார்கள். மூடிய மண்கலத்தில் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து உருக்கிய எஃகு அது. கரி அளவு ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அந்த அளவுக்குக் கரி இருந்தால் எஃகு கண்ணாடி போல நொறுங்க வேண்டும். சரியான சூட்டில் பொறுமையாக அடித்ததால் நொறுங்கவில்லை. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819 முதல் இந்த எஃகை ஆராய்ந்து போலச் செய்ய முயன்றார். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பீட்டர் பௌஃப்லர் குழு 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரி நானோகுழாய்களைக் கண்டதாக நேச்சர் இதழில் எழுதியது. நானோ என்ற சொல்லைக் கேட்டறியாத கொல்லரின் கைவேலை. ஆனாலும் கல்லையும் இரும்பையும் வெண்ணெய்போல் வெட்டும் வாள் என்று அதைச் சொல்ல மாட்டேன். மென்மையான கருவி கடினமானதை அறுக்கலாம், தண்ணீரைக்கூட 4,000 மடங்கு காற்றழுத்தத்தில் மணலோடு பீய்ச்சினால் எஃகை அறுக்கும். கைவாளுக்கு அந்த வசதி இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் வந்து இறங்கி அம்பாங்கில் தோண்டியது வெள்ளீயம். பேனாக்கத்தியால் சீவலாம், 232 டிகிரியில் உருகிவிடும். ஆயுதமாகும் தகுதியே இல்லாத உலோகம். ஆனால் அதைச் செம்போடு பத்துக்கு ஒன்று சேர்த்தால் வெண்கலம். இரும்பு வருவதற்கு முன் மனிதன் செய்த வாள்களில் பெரும்பாலானவை அதில்தான்.

“அப்போ தீர்ப்பு என்ன மாமா?” என்றான் அக்கா மகன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அடமாண்டியம் அணுக்களால் ஆனதென்றால் தோற்கும். நாம் அறிந்த எந்தத் திடப்பொருளும் 4,000 டிகிரியை ஒட்டியோ அதற்கு முன்போ உருகிவிடுகிறது. அணுக்களைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பின் வலிமைக்கு ஓர் உச்சம் இருக்கிறது. அணுக்களால் ஆனதில்லை என்றால் அந்த வழக்கை இயற்பியலிடம் கொண்டுவராதீர்கள். லைட்சேபர் ஜெயித்துவிட்டது என்று அவன் கை தூக்குவதற்குள் மீதியையும் சொன்னேன். நான்கு மெகாவாட் வெப்பத்தை முகத்துக்கு இரண்டடி தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால், கதவு உருகத் தொடங்குவதற்கு முன்பே வெந்துபோவது வாள் பிடித்த கை.