ஆஸ்திரேலியாவின் அகலப்பட்டை இணையம்: வேகத்தை முடிவு செய்யும் முகவரி

ஆஸ்திரேலியாவின் தேசிய அகலப்பட்டை வலையமைப்பான என்பிஎன், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி தனது இணைய வேகங்களைப் பெருமளவில் உயர்த்தியது. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் செலுத்திவந்த வீடுகளுக்கு 500 மெகாபிட் வரை கிடைக்க வழி ஏற்பட்டது. ஆனால் கண்ணாடி இழை வடமோ கேபிள் தொலைக்காட்சி வடமோ வந்து சேரும் வீடுகளுக்கு மட்டுமே இது பொருந்தியது. பழைய தொலைபேசியின் செப்புக் கம்பி வழியாக இணையம் பெறும் வீடுகளுக்கு எந்த மாற்றமும் இல்லை.

எந்த வீட்டுக்கு எந்த வகை இணைப்பு என்பது அங்கு வசிப்பவர் தேர்ந்தெடுத்ததல்ல. பெரும்பாலும் 2013ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆட்சி மாற்றமே அதைத் தீர்மானித்தது.

2009 ஏப்ரலில் அன்றைய தொழிற்கட்சிப் பிரதமர் கெவின் ரட் அறிவித்த திட்டம் எளிமையானது. 43 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரையிலான செலவில், எட்டு ஆண்டுகளில், நாட்டின் 90 சதவீத வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரடியாகக் கண்ணாடி இழை. தொலைதூரப் பகுதிகளுக்கு வானலையும் செயற்கைக்கோளும். 2010ஆம் ஆண்டில் டாஸ்மேனியாவின் சிறு நகரங்களில் முதல் இணைப்புகள் வழங்கப்பட்டன. ஆனால் பணி மிக மெதுவாகவே நகர்ந்தது. அடுத்து வந்தவர்களுக்கு இந்தத் தாமதமே வலுவான வாதமாக அமைந்தது.

2013 செப்டம்பர் தேர்தலில் டோனி அபட் தலைமையிலான லிபரல்-நேஷனல் கூட்டணி வென்றது. தகவல் தொடர்பு அமைச்சரான மால்கம் டர்ன்புல்லின் திட்டப்படி, கண்ணாடி இழை தெருவோரப் பெட்டி வரை மட்டுமே வரும்; அங்கிருந்து வீடு வரை, ஏற்கனவே மண்ணுக்குள் கிடக்கும் செப்புக் கம்பியே போதும். 29.5 பில்லியன் டாலரில், 2016ஆம் ஆண்டு முடிவுக்குள், அனைவருக்கும் குறைந்தது 25 மெகாபிட் என்பது தேர்தல் வாக்குறுதி. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே, அந்தக் காலக்கெடு சாத்தியமில்லை என்றும் செலவு 41 பில்லியன் ஆகும் என்றும் அந்த அரசு நடத்திய மீளாய்வே தெரிவித்தது. 2018இல் மதிப்பீடு 51 பில்லியனைத் தொட்டது. முழுக் கண்ணாடி இழைத் திட்டம் இதைவிட அதிகச் செலவையும் கூடுதல் ஆண்டுகளையும் விழுங்கியிருக்கும் என்பது கூட்டணியின் பதில். அதை முற்றாக ஒதுக்கிவிட இயலாது. ஆனால் செம்பினால் மிச்சமானதாகச் சொல்லப்பட்ட பணத்தில் ஒரு பகுதி, பின்னர் அதே செம்பை அகற்றச் செலவாகிவருகிறது என்பதும் உண்மை.

செம்பின் குணம்

கண்ணாடி இழையில் ஒளியாகச் செல்லும் சமிக்ஞை பல கிலோமீட்டர் தொலைவுக்கும் பெரிதாகத் தேய்வதில்லை. செப்புக் கம்பியில் செல்லும் மின் சமிக்ஞையோ ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் பலமிழக்கிறது. தெருவோரப் பெட்டிக்கு அருகில் இருப்பவருக்கு 100 மெகாபிட்டை நெருங்கிய வேகம் கிடைக்கலாம். அதே தெருவின் கோடியில் இருப்பவருக்கு அதில் பாதியும் கிடைக்காமல் போகலாம். மழைநீர் புகுந்த பழைய கம்பி இணைப்புகள் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன.

விற்கப்பட்ட வேகத்துக்கும் வந்து சேர்ந்த வேகத்துக்கும் இடையிலான இடைவெளி ஒழுங்குமுறை அமைப்பு வரை சென்றது. செப்புக் கம்பி இணைப்பில் எட்டவே முடியாத வேகங்களுக்குக் கட்டணம் செலுத்திய சுமார் 42 ஆயிரம் வாடிக்கையாளர்களுக்கு ஈடு செய்ய, நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ரா 2017 நவம்பரில் ஒப்புக்கொண்டது. வேறு சில நிறுவனங்களும் அதே வழியில் இழப்பீடு வழங்க நேர்ந்தது.

கேபிள் தொலைக்காட்சி வடங்களும் எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. ஆப்டஸ் நிறுவனத்திடமிருந்து பெறவிருந்த வடங்களைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என 2016இல் முடிவாயிற்று. டெல்ஸ்ட்ராவின் வடங்களில் இணைப்புகள் அடிக்கடி அறுந்ததால், 2017 நவம்பரில் புதிய இணைப்புகள் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. வீட்டு வாசல் வரை கண்ணாடி இழையும் கடைசிச் சில மீட்டருக்குச் செம்பும் என்ற மற்றொரு வகை இணைப்பு, சிட்னிக்கு மேற்கேயுள்ள புளூ மவுண்டன்ஸ் பகுதியில் இடி மின்னலின்போது வீட்டுக் கருவிகளைப் பழுதாக்கியது. மின்னலைக் கடத்துவது அந்தச் சில மீட்டர் செம்புதான்.

குறை கேட்பது யார்?

என்பிஎன் நிறுவனம் மொத்த விற்பனையாளர் மட்டுமே. மக்கள் இணைப்பு வாங்குவது சில்லறை நிறுவனங்களிடம். இணையம் அறுந்தால், பழுது என்பிஎன்னுடையது என்று சில்லறை நிறுவனமும், உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள் என்று என்பிஎன்னும் கைகாட்டிய அனுபவம் ஆஸ்திரேலியாவில் பரவலான ஒன்று. போதாக்குறைக்கு, சில்லறை நிறுவனங்கள் தரவு செல்லும் கொள்ளளவுக்குத் தனிக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்ததால், அதைக் குறைவாக வாங்கிய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு மாலை நேரங்களில் இணையம் ஊர்ந்தது. எந்த வகை வடம் வந்தாலும் இதிலிருந்து தப்ப முடியவில்லை.

செம்பை விட்டு வெளியேறும் முடிவை, அதைத் தேர்ந்தெடுத்த கூட்டணி அரசே 2020 செப்டம்பரில் எடுத்தது. கேட்கும் வீடுகளுக்குக் கண்ணாடி இழை தரும் பணி அப்போது அறிவிக்கப்பட்டது. 2022இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அதை விரிவுபடுத்தியது. தெருவோரப் பெட்டியை நம்பியிருந்த எஞ்சிய 6 லட்சத்து 22 ஆயிரம் இடங்களுக்காக, 3 பில்லியன் டாலர் வரை ஒதுக்குவதாகப் பிரதமர் ஆல்பனீசி 2025 ஜனவரியில் அறிவித்தார். பணி முடிய வேண்டிய ஆண்டு 2030.

இந்த மேம்பாடு தானாக நிகழ்வதில்லை. குடியிருப்பவர் குறிப்பிட்ட வேகத்துக்குக் குறையாத திட்டமொன்றைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். சுவரில் துளையிட்டு வடம் கொண்டுவர வீட்டின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். தமிழர்கள் உட்பட, புதிதாகக் குடியேறுவோரும் மாணவர்களும் பெரும்பாலும் வாடகை வீடுகளில் இருப்பவர்கள். அவர்களுக்கு இரண்டாவது நிபந்தனையே பெரிது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதற்குக் கட்டட உரிமையாளர் குழுவின் இசைவும் தேவைப்படலாம். உரிமையாளர் மறுத்தால், குடியிருப்பவர் செப்புக் கம்பியிலேயே தொடர வேண்டும், அல்லது கைபேசி வலையமைப்பையோ தனியார் செயற்கைக்கோள் சேவையையோ நாட வேண்டும்.