விரல் நுனியில் இரு விளக்குகள்

தொடை எலும்பு முறிந்தவர் எலும்பு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கிறார். நர்ஸோ முறிந்த காலோடு அவருடைய முகத்தையும் விரலையும் அடிக்கடி கவனிக்கிறார். ஏன் தெரியுமா? எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் கொழுப்புத் துளிகள் இரத்தத்தோடு சென்று நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடலாம். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் இந்த ஆபத்து தலைகாட்டும்.

விரலைக் கவ்வியிருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் இரு விளக்குகள் உண்டு. ஒன்று சிவப்பு, அலைநீளம் சுமார் 660 நானோமீட்டர். மற்றது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு, சுமார் 940. பிராணவாயுவை ஏந்திய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை மிகுதியாக உட்கவரும், ஏந்தாதது சிவப்பை. வகுப்பில் கொட்டாவி வரவழைக்கும் ஒளி உட்கவர்தல் பாடம்தான் இது!

தோலும் எலும்பும்கூட ஒளியை விழுங்குமே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அந்த அளவு மாறுவதில்லை. நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தால் தமனி இரத்தத்தின் கணக்கு கிடைத்துவிடும். ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி 1974-இல் அறிவித்த அருமையான யுக்தி இது.

நகச்சாயம், குளிர்ந்த விரல், நடுக்கம் எதுவும் எண்ணைப் பொய்யாக்கலாம். ஆகவே 97 திடீரென 89 ஆனால், நர்ஸ் நோயாளியைத்தான் முதலில் பார்ப்பார். மூச்சு வேகமா? பேச்சில் குழப்பமா? மார்பில் செம்புள்ளிகளா? இருந்தால், ஒரு கை பிராணவாயு முகமூடியைப் பொருத்தும்போதே மருத்துவருக்கு அழைப்பு போய்விடும்.