கோல்ப் மைதானங்களைப் புதுப்பித்தல்: மண்ணும் சரிவும் ஆட்டமும்

பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடியில், அகளியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வரப்பமைத்து மழைநீரை நிறுத்தப் பாடுபடும் களப்பணியாளர்க்குக் கோல்ப் விளையாட்டைப் பற்றிய கட்டுரை எதற்கு என்ற ஐயம் எழக்கூடும். அத்தகைய மைதானம் அங்கே இல்லை. உதகைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்றால்தான் காணலாம். ஆயினும், அவர் நாள்தோறும் கையாளும் மண், சரிவு, நீர் என்ற மூன்றே இவ்விளையாட்டின் போக்கை முடிவு செய்கின்றன. பழைய மைதானம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலனாகிறது.

மைதானத்தில் குழி அமைந்துள்ள, புல்லை ஒட்ட வெட்டிய பரப்பை ஆங்கிலத்தில் 'கிரீன்' என்பர். இங்கு அதனைக் குழித்திடல் என்று குறிப்பிடுகிறோம். இதனினும் நல்ல சொல் அகப்படவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கோல்ப் சங்கம் 1960-இல் இதற்கொரு கட்டுமான முறையை வெளியிட்டது. அடியில் வடிகுழாய்கள், அவற்றின்மேல் 10 செ.மீ. சரளை, அதன்மேல் 30 செ.மீ. மணற்கலவை. நுண்ணிய துளைகளையுடைய மணலிலிருந்து பெரிய துளைகளையுடைய சரளைக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. நுண்புழைக் கவர்ச்சியால் அது மணலின் அடிப்பகுதியிலேயே தங்கி வேர்களுக்குப் பயன்படுகிறது. பெருமழையில் மணல் நிறைந்த பின்னர், மிகுந்த நீர் சரளை வழியே விரைந்து வடிந்துவிடுகிறது.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். செவ்வக வடிவான கடற்பஞ்சு ஒன்றை நீரில் தோய்த்துப் படுக்கை நிலையில் பிடித்தால், சிறிது நேரத்தில் சொட்டுதல் நின்றுவிடும். அதையே செங்குத்தாகத் திருப்பினால் மீண்டும் நீர் வடியும். உயரம் கூடுந்தோறும் மேற்பகுதி உலர்கிறது என்பது இதன் பொருள். ஆகவே மணற்படுகையின் கனம் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மேற்பரப்பு மேடுபள்ளமாயின் அடித்தளமும் அவ்வாறே வெட்டப்பட வேண்டும். இன்றேல் ஓரிடம் சேறாகும், ஓரிடம் காய்ந்து போகும். பழைய திடலின்மேல் மணலைக் கொட்டிச் சமன் செய்வது புதுப்பித்தல் ஆகாது.

அடுத்தது புல். வெப்ப நாடுகளில் பெரிதும் வளர்க்கப்படுவது நம் அறுகம்புல்லின் இனமே. 'டிப்ஈகிள்' என்ற குட்டை வகை, காமாக் கதிர்களைச் செலுத்தி அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டது. இதனை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டலாம். புல் குட்டையானால் பந்து விரைந்து உருளும். அவ்விரைவை அளக்க எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் 1935-இல் ஒரு சாய்பலகையை அமைத்தார். அதிலிருந்து உருண்டு வரும் பந்து சமதரையில் எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே திடலின் அளவு.

இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. 20 அடிக்கு 1 அடி சரிவுள்ள பழைய திடல் ஒன்றைக் கொள்வோம். சமதரையில் 6 அடி ஓடச்செய்யும் புல்லானால், அச்சரிவின் கீழ்நோக்கிப் பந்து ஏறத்தாழ 10 அடி ஓடி நிற்கும் என்பது கணக்கு. 12 அடி ஓடச்செய்யும் புதுப்புல்லானாலோ, அதே பந்து 50 அடியையும் எட்டிவிடும்! புல்லின் விரைவு இருமடங்கு, ஓட்டமோ ஐந்து மடங்கு. ஆதலால் புல்லை மாற்றுவோர் சரிவையும் குறைத்தே தீரவேண்டும். அகஸ்டா மைதானத்தில் 1981-ஆம் ஆண்டுப் போட்டிக்குமுன் அறுகை நீக்கி வேறு புல்லிட்டபோது திடல்களின் விரைவு பெரிதும் கூடியது. பின்னர்ச் சில திடல்களின் சரிவுகளைத் திருத்த நேர்ந்தது.

நம் நாட்டில் தில்லி கோல்ப் சங்கத்தின் லோதி மைதானம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. லோதி, முகலாயர் காலக் கட்டடங்களுக்கும் அடர்ந்த மரங்களுக்கும் இடையே இது அமைந்துள்ளது. 1976-77-இல் ஆஸ்திரேலியரான பீட்டர் தாம்சனும், 2019-இல் தென்னாப்பிரிக்கரான கேரி பிளேயரும் இதனைத் திருத்தி அமைத்தனர். குழித்திடல்கள் மாறின, இருமருங்கும் புதர் நெருங்கிய குறுகிய வழிகளின் இயல்பு மாறவில்லை. 2025 அக்டோபரில் அங்கு நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு வந்த ரோரி மெக்கில்ராய், நெடுந்தொலைவு அடிப்பதில் பெயர்பெற்றவராயினும், அதற்குரிய 'டிரைவர்' மட்டையைத் தாம் எடுக்கப்போவதில்லை என்று முன்னரே கூறிவிட்டார். வென்றவர் டாமி பிளீட்வுட். மைதானத்தை நீட்டுவதே ஆட்டத்தைக் கடினமாக்கும் வழி என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

மணற்படுகை எருவை விரைவில் இழக்கும்; அடிக்கடி நீரும் கேட்கும். தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் ஆண்டிற்கொரு முறை வந்து ஆடுவதற்காக, நாள்தோறும் ஆடும் முதியோர் பந்தை நிறுத்த இயலாத திடலை அமைப்பது தக்கதன்று என்பது எமது கருத்து. நீர் அருகிய இடங்களில், சற்று மெதுவான அறுகந்திடலே போதும்.

ஸ்டிம்ப்சனின் பலகையைப் பள்ளியிலும் செய்யலாம். 90 செ.மீ. நீளமுள்ள மரச்சட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி, ஒரு முனையை 30 செ.மீ. உயர்த்தி வைத்து, குறித்த இடத்திலிருந்து பந்தை விடுக. வெறுந்தரையிலும் அறுகம்புல்லிலும், மழைக்கு முன்னும் பின்னும், எதிரெதிர்த் திசைகளில் உருட்டி அளந்து எழுதிக்கொள்க. இரு திசை அளவுகளின் வேறுபாடு, கண்ணுக்குப் புலப்படாத சரிவையும் காட்டிவிடும்.