செய்தி எழுதப் பழகும் பிள்ளைகள்

பத்திரிகை அலுவலகங்களுக்குப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இன்று எம் மத்தியிலும் இருக்கின்றனர். தோட்டக் காணியை விட்டு வந்து, முகாமிலும் உறவினர் வளவிலும் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். உயர்தரம் முடித்து, ஊடகக் கற்கைநெறி ஒன்றைப் பின்பற்றி, பின் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் சில மாதங்கள் பயிலுநர்களாக அமர்கின்றனர். பெற்றோருக்கோ இத்தொழில் புதிது. "பேப்பர் கந்தோரிலை பிள்ளை என்ன செய்யுதெண்டு எங்களுக்கு விளங்கேல்லை, பாதர்" என்று சொல்லும் தாய்மாரை நாம் சந்திக்கிறோம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

எங்கே பழகுகிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பத்திரிகை புதிய விடயமன்று. 'உதயதாரகை' 1841இல் தொடங்கியது. 'ஈழநாடு' 1959இலும், 'உதயன்' 1985இலும் வெளிவரத் தொடங்கின. முன்னைய காலத்தில் இத்தொழிலுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கவில்லை. அச்சுப்பிழை திருத்தும் மேசையில் தொடங்கி, மூத்தவர்களைப் பார்த்துப் பழகியே பலர் செய்தியாளராயினர். 2004இல் இலங்கை இதழியல் கல்லூரி கொழும்பில் ஆரம்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கை உண்டு. ஆயினும் வகுப்பில் படித்தது கைவருவது ஆசிரியபீடத்தில்தான். நாற்றுமேடையில் முளைத்த பயிர் வயலில் வேரூன்றுவது போன்றது இது.

ஒரு நாள் வேலை

காலையில் வந்ததும் அன்றைய பத்திரிகைகள் எல்லாவற்றையும் பயிலுநர் வாசிக்க வேண்டும். பின் செய்தி ஆசிரியர் வேலையைப் பகிர்ந்து கொடுப்பார். ஒருவர் நீதிமன்றத்துக்கு, ஒருவர் வைத்தியசாலைக்கு, ஒருவர் கச்சேரிக் கூட்டத்துக்கு. புதிதாய் வந்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது சின்னச் செய்திகளே: சந்தை விலை, கூட்ட அறிவித்தல், விபத்து, நிவாரண விநியோகம். பிற்பகலில் திரும்பி வந்து எழுதுவார். மாலையானதும் பிரதேச நிருபர்களின் அழைப்புகள் வரும். அவற்றைக் கேட்டு எழுதுவதும் பயிலுநரின் வேலை. இரவில் பக்கங்கள் முடிந்து அச்சுக்குப் போகும். விடியுமுன் கட்டுகள் வாகனங்களில் ஏறிவிடும்.

முதல் வாரத்தில் எழுதியதில் பாதி வெட்டப்படும். "பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது" என்று எழுதினால், "ஆருக்குப் பரபரப்பு? எத்தினை பேர்? அதை எழுதும்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சாகியது. ஒரு வரியைக்கூட வீணாக்க முடியாத அக்காலத்தைக் கடந்தவர்களிடம் பழகும் பிள்ளைக்குச் சொற்சிக்கனம் விரைவில் வந்துவிடும்.

சின்னச் செய்தியின் பாரம்

சின்னச் செய்தி என்று சொன்னோம். அது யாருக்குச் சின்னது? நாளை நிவாரண அரிசி கொடுபடும் என்று அச்சான செய்தியில் இடம் மாறியிருந்தால், ஒரு தாய் கைப்பிள்ளையோடு மைல் கணக்கில் நடந்து போய் வெறும் பையுடன் திரும்புவாள். வெங்காய விலை வந்திருக்கிறது. ஆனால் அது மொத்த விலையா சில்லறை விலையா, கிலோவுக்கா அந்தருக்கா என்பது இல்லை. அதை நம்பி விற்கும் விவசாயிக்கு ஒரு போகத்தின் உழைப்பே நட்டமாகலாம்.

காணிச் செய்தியில் இது இன்னும் பாரமானது. கட்டுவன் ஓர் ஊர். புன்னாலைக்கட்டுவன் வேறோர் ஊர். காணி விடுவிப்புச் செய்தியில் பாதிப் பெயர் விடுபட்டால், எத்தனை குடும்பங்கள் வீணாகப் பெட்டி கட்டும்! ஆகவேதான், "தம்பி, இது எந்தக் கட்டுவன்? ஆரிட்டைக் கேட்டு உறுதிப்படுத்தினீர்?" என்ற கேள்வி இரவு பத்து மணிக்கும் எழுகிறது.

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டியில் துறைமுகத்தோடு சேர்த்து 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. மக்கள் இடம்பெயர்ந்து 27 ஆண்டுகளின் பின் அது நடந்தது. அறிக்கை ஏக்கரில் பேசும். எமது மக்களோ பரப்பில் கணக்கிடுவர். 16 பரப்பு ஓர் ஏக்கர்; எனவே 54 ஏக்கர் 864 பரப்பு. இக்கணக்கைப் போட்ட பயிலுநருக்கு அடுத்த கேள்விகள் தாமாகவே வரும். எந்தக் கிராம அலுவலர் பிரிவு? எத்தனை குடும்பங்களின் காணி? கிணறு பாவிக்கக்கூடியதா? பாதை திறந்ததா? மிச்சம் எவ்வளவு? அறிக்கையைப் பார்த்து எழுதுவதற்கும் செய்தி சேகரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை இக்கேள்விகளைப் புத்தகத்திலிருந்து படிக்கத் தேவையில்லை.

தாய்மாரின் பயம்

இத்தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பத் தாய்மார் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தனர். 2007 ஏப்ரல் 29இல் அப்பத்திரிகையின் இளம் செய்தியாளர் செல்வராஜா ரஜிவர்மன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 1இல் ஊடகக்கல்வி மாணவரான சகாதேவன் நிலக்சனும் கொல்லப்பட்டார். இவர்களை மறந்துவிட்டு இத்தொழிலைப் பற்றிப் பேச முடியாது. போர் 2009இல் முடிந்தது. அச்சம் முற்றாகப் போய்விடவில்லை.

நாளாந்தக் கஷ்டங்களும் உண்டு. பயிற்சிக் கொடுப்பனவு சிறியது. சில இடங்களில் அதுவும் இல்லை. வேலை முடியும்போது கடைசி பஸ் போய்விடும். ஆகவே பயிற்சிக்குச் சேருமுன், எத்தனை மாதம், கொடுப்பனவு எவ்வளவு, இரவில் வீடு திரும்ப என்ன ஒழுங்கு, பொறுப்பாக இருப்பவர் யார் என்பவற்றைப் பெற்றோர் கேட்டு எழுத்தில் பெறுவது நல்லது. பெண்பிள்ளை என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நாம் செய்யக்கூடியவை

பயிலுநர் ஒருவர் எமது குடியிருப்புக்கு வந்தால் வாசலில் வைத்தே அனுப்பிவிடாதீர்கள். ஊர்ப் பெயர், பிரிவு, குடும்ப எண்ணிக்கை, காணியின் பரப்பு ஆகியவற்றை எழுதி வைத்துக் கொடுங்கள். கேள்விப்பட்டதையும் கண்டதையும் வேறு பிரித்துச் சொல்லுங்கள்.

படம் எடுக்கவோ பெயர் போடவோ விருப்பமில்லையெனில் மறுக்கலாம். துயரத்தில் இருப்பவரிடம் கேளாமல் படம் எடுப்பது முறையன்று என்பதைப் பயிலுநரும் படித்தே வருகிறார், மறந்தால் நினைவூட்டுங்கள்.

செய்தி பிழையாக வந்தால் பேசாமல் இராமல், திருத்தம் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எமது காணி பற்றிய தகவலை அரச அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். செய்தியாளருக்கு உள்ள இந்த உரிமை விவசாயிக்கும் உண்டு.

உங்கள் ஊரைப் பற்றிக் கடைசியாக வந்த செய்தி எது? அதில் ஊர்ப் பெயரும் எண்ணும் சரியாக இருந்தனவா? அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தப் பத்திரிகைத் துண்டை விரித்து வைத்து, அனைவருமாக வாசித்துப் பாருங்கள்.